எடைக்கல்லும் எண்ணெய்ச் சாக்கடையும்



நிறுவையில் குறைப்பது பாவம் என்பதை நம்மவரில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே வழங்குகிறது என்பது மதரஸாவில் ஓதும் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் உணவுக்கடையின் பின்கட்டிலே, தட்டுக் கழுவும் தொட்டிக்கு அடியில், தராசு இல்லாமலே ஒரு நிறுவை நாள்தோறும் நடந்து வருகிறது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் உணவுக்கடை நடத்துவோர் கழிவுநீர் வெளியேறும் வழியில் கொழுப்புப் பொறி வைக்க வேண்டும் என்பது விதி. கடைப் பையன்கள் 'கிரீஸ் டிராப்' என்பது இதைத்தான். உரிமம் பெற்றவர்களைக் கொண்டு காலந்தவறாமல் அதைக் காலி செய்யவும் வேண்டும். தீபகற்பத்து ஊராட்சி மன்றங்களும் இவ்வாறே கேட்கின்றன. பொறியில் மாயம் ஒன்றுமில்லை. ஓடி வரும் நீர் அந்தப் பெட்டிக்குள் சற்றுத் தங்குகிறது. எண்ணெய் மேலே மிதக்கிறது. சோறும் எலும்புத் துணுக்கும் அடியில் படிகின்றன. நடுவிலுள்ள நீர் மட்டும் தடுப்பின் கீழாக வெளியேறுகிறது. பெட்டி நிரம்பிவிட்டால் நீர் தங்க இடமேது? எண்ணெயும் நீருமாகக் கலந்தே போய்விடும். அப்போது பொறி இருந்தும் இல்லாததே.

பல ஆண்டுகளுக்கு முன், நானும் கூட்டாளி ஒருவரும் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினோம். இரண்டு மாதம் வியாபாரம் மந்தம். பொறியைக் காலி செய்யும் செலவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கூட்டாளி. நானும் சரி என்றேன். ஒருநாள் மாலை கழிவுநீர் எதிர்த்து ஏறியது. எங்கள் கடையிலன்று! அதே குழாயில் எங்களுக்குக் கீழே இருந்த சீன மருந்துக் கடையில். பெரியவர் மூட்டைகளைத் தூக்கி மேலே அடுக்கிக் கொண்டிருந்தார். எங்கள் பையன்கள் ஓடிப்போய் நீரை இறைத்து உதவினார்கள். அதற்கு நன்றியாக அவர் சீனப் புத்தாண்டுக்கு ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் அனுப்பினார். வாங்கி வைத்துக்கொண்டேன். பழத்தைத் தின்ன மட்டும் என்னால் முடியவில்லை.

நிற்க. இவ்விஷயத்தில் நம்மவர் சொல்லும் சமாதானங்கள் எனக்குத் தெரியும், நானே சொன்னவைதாம். "தண்ணீர்க் கட்டணத்தோடு கழிவுநீருக்கும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது ஒன்று. பொதுப் பாதையில் நடக்க வரி கட்டியவன் அதில் சுவர் எழுப்ப உரிமை பெற்றவனாவானா? "கொதிநீரும் சவுக்காரத் தூளும் ஊற்றிவிட்டால் கரைந்து போகும்" என்பது இன்னொன்று. இதுவே எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று. சூட்டில் இளகிய கொழுப்பு குழாயில் சிறிது தூரம் சென்றதும் குளிர்ந்து மறுபடி இறுகுகிறது. நம் வாசலில் இருந்த அடைப்பை அடுத்தவன் வாசலுக்குத் தள்ளியதே கண்ட பலன். இவ்விதம் பலரும் தள்ளியது எங்கே சேரும் என்பதை 2017ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தார் கண்டார்கள். வைட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் கொழுப்பும் குப்பையும் கல்லாய் இறுகி, ஏறத்தாழ 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் கிடந்தது. ஆட்கள் உள்ளே இறங்கி வாரக்கணக்கில் உடைத்தெடுத்தார்கள். அதன் துண்டொன்றை மறு ஆண்டு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்களாம். வெள்ளைக்காரருக்கு எதையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால்தான் திருப்தி.

பின் சந்தின் மழைநீர்க் கால்வாயில் ஊற்றுவதோ இதனினும் கேடு. சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை நீர்த்தேக்கங்களுக்கே போய்ச் சேருகிறது. சாக்கடைக்குப் போகும் நீரும் வீணாவதில்லை. 2003 முதல் அதைச் சுத்திகரித்து 'நியூவாட்டர்' ஆக்குகிறார்கள்.

"சிறு கடை, சிறு இலாபம், செலவுக்கு எங்கே போவது?" என்ற கேள்வி மட்டும் மெய்யான கேள்வி. வாடகையும் சம்பளமும் ஏறிய காலத்தில் இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் யோசித்துப் பாருங்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டின் விலையில் அரிசி உண்டு, இறைச்சி உண்டு, எரிவாயு உண்டு; தட்டில் மிஞ்சிய கொழுப்பை அகற்றும் செலவும் அதில் அடங்கியதுதான். அதைச் செய்யாமல் விடுகிறவன் தன் செலவை மருந்துக் கடைக்காரர் தலையில் வைக்கிறான். தெரு முனையில் ஒழுங்காகக் காலி செய்து வரும் இன்னொரு சாப்பாட்டுக் கடைக்காரரையும் கெடுக்கிறான். ஏனெனில் அவரைவிடப் பத்துக் காசு குறைத்து விற்க இவனால் முடிகிறது. குறைந்த எடைக்கல் வைத்திருப்பவன் செய்வதும் இதுவே அன்றோ?

எடைக்கல்லுக்குச் சர்க்கார் முத்திரை குத்துவதை நாம் யாரும் தொல்லை என்று சொல்வதில்லை. நேர்மையான வியாபாரிக்கு அது காவல். பொறியைச் சோதிக்க வரும் அதிகாரியை மட்டும் ஏன் விரோதியாக நினைக்கிறோம்? அபராதத்துக்கு அஞ்சிச் செய்தால் அது நற்செயல் ஆகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். சாக்கடைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கீழ்க்கடைக்காரருக்கும் தெரியாது. அதிகாரி பொறியையும் ரசீதையும் பார்ப்பார்; கடை அடைத்தபின் நள்ளிரவில் குழம்புச் சட்டியைச் சாய்க்கும் கையை அவர் பார்க்க முடியாது. அந்த வித்தியாசம் தெரிவது அந்த நேரத்தில்தான்.

அந்தக் கை பெரும்பாலும் முதலாளியின் கை அன்று. ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த பையனின் கை. முன்னிருந்தவன் செய்ததை அவன் செய்கிறான். அவனை ஏசுமுன், அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். தட்டை நீரில் இடுமுன் மிச்சத்தை வழித்துக் குப்பையில் போடச் சொல்ல அரை நிமிடம் போதும். பழைய எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து வைத்தால் டீசல் செய்வதற்கென்று விலைக்கு வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கடையில் இப்போது அடுப்பின் வலப்பக்கம் அந்தத் தகரம் இருக்கிறது. அதை விற்று வரும் வெள்ளியைப் பையன்களே பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அதன்பின் தகரம் நிரம்பியதா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.