மாத்திரையும் மனச்சான்றும்

மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுப் பிழைத்தெழுந்த முதியவர் ஒருவரை அண்மையில் நாம் சந்திக்கச் சென்றோம். அவருடைய இதயத்துடிப்பு பல ஆண்டுகளாகச் சீரற்றது. அத்தகைய இதயத்தில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். உறைந்த கட்டி மூளையின் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்கவே இரத்தம் உறையாதிருக்கும் மருந்தை அவர் உட்கொண்டு வந்தார். கசிவின்போது நிறுத்திய அம்மருந்தை மீண்டும் தொடங்குவதா? மகள் 'கொடுப்போம்' என்றார்; மகன் 'வேண்டாம்' என்றார். "சாமி, எது பாவமில்லாதது?" என இருவரும் நம்மிடம் கேட்டனர்.

மருத்துவமும் இதற்கு ஒரே சொல்லில் விடை தருவதில்லை. இத்தகைய நோயாளர் 319 பேரைக் கொண்டு ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2025இல் வெளியானது. மருந்தின்றி இருந்தோருள் அடைப்பினால் வரும் பக்கவாதம் ஆண்டுக்கு நூற்றுக்கு 8.6 என்ற அளவில் நேர்ந்தது. மருந்து உட்கொண்டோருள் அது ஒன்றுக்கும் கீழே குறைந்தது. ஆயினும் மூளையில் மீண்டும் கசிவு நேர்வது, மருந்தின்றி இருந்தோருள் ஒன்றுக்கும் குறைவாக இருக்க, மருந்து உட்கொண்டோருள் 5 ஆக இருந்தது. கசிவு மூளையின் எப்பகுதியில் நேர்ந்தது, இரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளதா என்பவற்றை ஆராய்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மருத்துவர் நிறுத்துப் பார்க்கவேண்டியுள்ளது.

இரு பக்கமும் ஆபத்து இருக்கையில் நாம் செய்யக்கூடியது என்ன? நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 1980இல் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சையின் தன்மை, ஆபத்து, செலவு ஆகியவற்றை எதிர்பார்க்கும் பயனோடும், நோயாளரின் உடல், மன வலிமையோடும் ஒப்பிட்டு முடிவெடுக்கக் கற்பிக்கிறது. மருத்துவரின் உரிமை நோயாளரின் இசைவிலிருந்தே பிறக்கிறது என்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957இலேயே தெளிவுபடுத்தினார். ஆகவே முதற்கேள்வி பிள்ளைகளிடம் அன்று, கட்டிலில் இருக்கும் தந்தையிடமே கேட்கப்படவேண்டும். அவர் பேச இயலாதவராயின், அவர் எதை விரும்பியிருப்பார் என்பதை அவர்கள் நேர்மையோடு தேடவேண்டும்.

"கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று முடிவெடுக்காமல் விட்டுவிடுவது நம்பிக்கை ஆகாது. மருந்தைக் கொடுப்பது போலவே கொடாதிருப்பதும் ஒரு முடிவுதான். அச்சத்தால் தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனும் ஒரு முடிவையே எடுத்தான்.

மனிதச் செயல்களில் கணிதத்திற்குரிய உறுதி கிட்டாது என்பதைப் புனித தாமஸ் அக்குவினாஸ் அறிந்திருந்தார். எனவே விவேகம் என்னும் நற்பண்புக்கு ஆலோசித்தல், தீர்மானித்தல், செயல்படுத்துதல் என்னும் மூன்று செயல்களை அவர் வகுத்தார். வருவதை முன்னறிதல் நம்மிடம் கேட்கப்படவில்லை. ஆலோசிக்காமல் விடுவது குற்றமாகலாம். நன்கு ஆலோசித்து அன்போடு எடுத்த முடிவு, பின்னர் துயரத்தில் முடிந்தாலும், பாவமாகிவிடாது.

இதையே அவ்விருவரிடமும் சொன்னோம். மருத்துவரோடும் தந்தையோடும் அமர்ந்து பேசுங்கள். உடல்நிலை மாறினால் முடிவையும் மறுபடி ஆராயுங்கள். அனைத்திற்கும் மேலாக, எது நேர்ந்தாலும் "உன்னால்தான் அப்பா போனார்" என்று ஒருவரை ஒருவர் சொல்லமாட்டோம் என இன்றே வாக்குக் கொடுங்கள். அவர்கள் தந்தையின் கைகளைப் பற்றி நிற்க, நாம் நோயில்பூசுதல் அளித்தோம். முடிவு அவர்களுடையது, பலன் இறைவனுடையது.