எந்தப் பாத்திமா?

இலங்கையின் மாத்தளை மாவட்டத்துக் கலேவெலயில் முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் எந்த வகுப்பின் வரவு இடாப்பைத் திறந்தாலும், பெண் பிள்ளைகளின் பெயர்களில் 'எப்.' என்ற ஓரெழுத்து வரிசைக்கு வரிசை நிற்கும். எம்.ஆர்.எப்., எம்.என்.எப்., ஏ.எச்.எப். முன்னால் உள்ள எழுத்துகள் வாப்பாவுடையவை. கடைசியில் நிற்கும் 'எப்.' மட்டும்தான் பிள்ளையுடையது. அது பாத்திமா. அதற்குப் பின்னால் வரும் ரிஸ்னாவோ, ஷிப்னாவோ, நுஸ்ராவோதான் வீடும் ஊரும் கூப்பிடும் பெயர். ஆசிரியையாக இருந்த காலம் முழுக்கக் காலை வேளைகளில் இப்படியான இடாப்புகளை வாசித்திருக்கிறேன். 'பாத்திமா' என்று மட்டும் வாசித்திருந்தால் பாதி வகுப்பு எழும்பி நின்றிருக்கும். அதனால் யாரும் அப்படி வாசிப்பதில்லை. என் பெயரிலும் அந்த 'எப்.' இருக்கிறது. உம்மாவின் பெயரிலும் இருந்தது. மகளுக்கும் வைத்தோம்.

எல்லாரிடமும் இருக்கிற, ஆனால் யாரையும் கூப்பிடாத பெயர் இது. பிறந்த ஏழாம் நாள் வைக்கும்போது ஒருமுறை வாய் நிறையச் சொல்வார்கள். பிறகு பதிவாளரிடம் எழுதிக்கொடுப்பார்கள். அதன்பின் ஓ.எல். சோதனையின் அனுமதி அட்டை, அடையாள அட்டை, நிக்காஹ் பதிவு, கடவுச்சீட்டு என்று கடதாசிகளில் மட்டுமே அது வெளியே வரும். அந்தக் கடதாசிகளிலும் ஒரே மாதிரி வருவதில்லை. ஒன்றில் ஆங்கில எழுத்துக் கூட்டலில் ஓரெழுத்து கூடியிருக்கும், இன்னொன்றில் குறைந்திருக்கும். சிங்களத்தில் எழுதிய பிறப்புச் சான்றிதழில் 'பா' ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் இருக்கும். இரண்டும் ஒருத்தியே என்று சத்தியக் கடதாசி முடிக்கப் பெண்கள் அலைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெயரைப் பலர் சுமப்பது ஒருபுறம் இருக்க, ஒருத்திக்குள்ளேயே இரண்டு மூன்று பாத்திமாக்களைக் கடதாசி உண்டாக்கிவிடுகிறது.

ஒரு தடவை ஆஸ்பத்திரி கிளினிக்கில் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தாதி கையிலிருந்த கொப்பியைப் பார்த்து "பாத்திமா" என்று கூப்பிட்டார். நாலைந்து பேர் எழும்பினோம். முழுகாமல் இருந்த ஒரு பிள்ளை, பிரஷருக்கு மருந்தெடுக்க வந்த ஒரு மூதாட்டி, தோளில் குழந்தையோடு ஒரு தாய், நான், பின்வரிசையில் இன்னொருவர். "எந்தப் பாத்திமா?" என்று நாங்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். ஒருத்தி வாப்பாவின் பெயரைச் சொன்னாள், இன்னொருத்தி ஊரைச் சொன்னாள். மூதாட்டி நோயைச் சொன்னார். கடைசியில் அந்த முறை முழுகாமல் இருந்த பிள்ளையுடையது என்று தெரிந்தது. மூதாட்டி அவளுக்கு வழி விட்டுவிட்டு, "போங்க மகள், நம்மட பேருதானே" என்றார்.

அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. ஏனென்றால் அதற்குச் சில காலத்துக்கு முன்புதான், பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த ஓர் இளம் தாய் என்னிடம் நேரெதிராகச் சொல்லியிருந்தாள். எல்லாருக்கும் இருக்கிற பேர் ஒரு பேரா டீச்சர் என்று கேட்டாள். யாருக்கும் இல்லாத ஒன்று அவளுக்கு வேண்டும். கைபேசியில் நாள்கணக்காகத் தேடி, ஓசைகளை ஒட்டி, ஊரில் இதுவரை கேட்டிராத ஒரு பெயரை உண்டாக்கி வைத்திருந்தாள். அவள் ஆசையில் குற்றம் இல்லை. தன் பிள்ளை கூட்டத்தில் கரைந்துவிடக்கூடாது என்று எந்தத் தாய்தான் நினைக்கமாட்டாள்? ஆனால் ஒருவரைத் தனியாளாக்குவது பெயர்தானா என்ற கேள்வியை அவள் என்னிடம் விட்டுப்போனாள். அதற்குப் பதில் தேடி நான் போய்ப் பார்த்தது பாத்திமா என்ற பெயரின் தொடக்கத்தை.

அங்கேயே ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திமாக்கள் இருக்கிறார்கள்! ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி வருகிறது. தூமா என்ற ஊரின் தலைவர் உகைதிர் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு பட்டாடையை அன்பளிப்பாக அனுப்பினார். ஆண்களுக்குப் பட்டு ஆகாது. நபியவர்கள் அதை அலி (ரழி) அவர்களிடம் கொடுத்து, கிழித்து முக்காடுகளாக்கிப் பாத்திமாக்களுக்கிடையே பங்கிடச் சொன்னார்கள். பாத்திமாவுக்கு என்றல்ல, பாத்திமாக்களுக்கு என்று. யார் அந்தப் பாத்திமாக்கள் என்று உரையாசிரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒருவர் நபியவர்களின் மகள். இன்னொருவர் அலியின் தாய், அஸதின் மகள் பாத்திமா, அநாதையாக வந்த சிறுவர் முஹம்மதை அபூதாலிபின் வீட்டில் வளர்த்தெடுத்தவர். மற்றவர் உஹத் போரில் ஷஹீதான ஹம்ஸாவின் மகள். மாமியார், மருமகள், தகப்பனை இழந்த ஒரு பிள்ளை. ஒரே பெயர், ஒரே துணி, தலைக்கு ஒரு துண்டு. ஒரு வீட்டுக்குள்ளேயே இத்தனை பேருக்கு ஒரு பெயர் இருந்தபோது அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

அதே காலத்தில் இன்னொரு பாத்திமாவும் இருந்தார். மக்ஸூம் குலத்துப் பெண் ஒருத்தி திருடியபோது, உயர்ந்த குலம் என்பதால் தண்டனையைத் தவிர்க்க உஸாமா (ரழி) மூலம் பரிந்து பேச வைத்தார்கள். நபியவர்கள் கோபப்பட்டு, என் மகள் பாத்திமா திருடியிருந்தாலும் தண்டனை இதுவே என்று அறிவித்த சம்பவம் எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்தக் குலத்துப் பெண்ணின் பெயரும் பாத்திமாதான் என்று உரையாசிரியர்கள் சொல்வது. அஸ்வதின் மகள் பாத்திமா. அன்புக்குரிய மகளுக்கும் குற்றவாளிக்கும் ஒரே பெயர். இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பெயர் யாரையும் காப்பாற்றவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. உமர் (ரழி) வாளோடு வந்து நின்றபோது, அடி வாங்கியும் நம்பிக்கையை விடாமல் நின்ற அவர் தங்கையும் கத்தாபின் மகள் பாத்திமாதான். ஒருத்தி கை நீட்டித் திருடினாள், ஒருத்தி ரத்தம் வழிய நின்றும் பின்வாங்கவில்லை.

பால்குடி மறக்கடிப்பதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்த சொல் பாத்திமா. நம் பெண்கள் அந்தப் பொருளை நினைத்து வைப்பதில்லை, நபியின் மகளை நினைத்துத்தான் வைக்கிறார்கள். அந்த மகளைப் பற்றி எங்கள் வீடுகளில் அதிகம் சொல்லப்படுவது அவருடைய கைகளைப் பற்றிய கதை. திரிகை சுற்றிச் சுற்றிக் கை கொப்பளித்துப்போய், வேலைக்கு ஒரு ஆள் கேட்டுத் தகப்பனிடம் போனார். அவர் வீட்டில் இல்லை. ஆயிஷா (ரழி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். இரவு நபியவர்கள் மகள் வீட்டுக்கே வந்து, வேலையாளைவிடச் சிறந்ததைச் சொல்லித் தருகிறேன் என்று, படுக்கும்போது 33 தடவை சுப்ஹானல்லாஹ், 33 தடவை அல்ஹம்துலில்லாஹ், 34 தடவை அல்லாஹு அக்பர் ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். தஸ்பீஹ் பாத்திமா என்று இதற்குப் பெயர்.

உம்மா இதை விரல் மூட்டுகளில் எண்ணுவார். தஸ்பீஹ் மணியை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. கட்டைவிரல் நுனி மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். எங்கள் பக்கம் பெரிய வெங்காயம் அறுவடையாகும் மாதங்களில் தாள் நறுக்கி நறுக்கி அந்த விரல்கள் வெடித்திருக்கும். வெடிப்பில் மண் கறுப்பாக ஏறியிருக்கும், கழுவினாலும் போகாது. அந்தக் கணுக்களின் மேல்தான் எண்ணிக்கை நடக்கும். நோவுதா உம்மா என்று கேட்டால், "கை நோவுது எண்டு அவங்களும் போய்ச் செல்லித்தானே ஈக்கிறாங்க, மகள்" என்பார். 'அவங்க' என்றால் யார் என்று விளக்கவேண்டிய தேவை எங்கள் வீட்டில் இருக்கவில்லை. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் மதீனாவில் திரிகை சுற்றிய பெண்ணைப் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசும் அதே நெருக்கத்தோடு உம்மா பேசினார். அந்த உரிமையை அவருக்குக் கொடுத்தது பெயர்தான் என்று நான் நம்புகிறேன்.

வெளியே போனால் இந்தப் பெயர் எங்கெல்லாமோ நிற்கிறது. மொரோக்கோவின் பெஸ் நகரில் 859ஆம் ஆண்டில் கரவிய்யீன் பள்ளிவாசலைத் தன் சொத்தில் கட்டியவர் பாத்திமா அல் பிஹ்ரி என்று மரபு வரலாறு சொல்கிறது. பின்னாளில் பெரும் கல்விக்கூடமான இடம் அது. கேரளத்தின் பத்தனம்திட்டையில் பிறந்த பாத்திமா பீவி 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது போர்த்துக்கல். அங்கே பாத்திமா என்று ஓர் ஊர் இருக்கிறது. அரபு ஆட்சி ஐபீரியாவில் நிலைத்திருந்த நூற்றாண்டுகள் விட்டுப்போன பெயர். 1917 மே 13 தொடங்கி அந்த ஊரில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மரியன்னை காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர் நம்புகிறார்கள். அன்றிலிருந்து மாதாவுக்கே பாத்திமா மாதா என்று ஒரு பெயர். மதுரையில் 1953இல் கன்னியர் தொடங்கிய பாத்திமா கல்லூரி அந்த மாதாவின் பெயரில் உள்ளது. பாத்திமா மேரி என்ற பெயருள்ள கத்தோலிக்கப் பெண்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் இருக்கிறார்கள்.

கலேவெலக்கு அண்மையில் வஹாகோட்டை இருக்கிறது. போர்த்துக்கீசர் வழி வந்தவர்கள் குடியேறிய ஊர் என்று அறியப்பட்ட கத்தோலிக்கக் கிராமம். ஜூன் மாதத்து அந்தோனியார் திருவிழாவுக்கு நாடெங்குமிருந்து சனம் வரும், சாதி மதம் பார்க்காமல் போவார்கள். போர்த்துக்கீசர்தான் 1505க்குப் பிறகு இந்தத் தீவில் எங்களைக் கண்டு, தங்கள் நாட்டில் தாங்கள் அறிந்திருந்த அரபு மக்களின் பெயரால் 'மூர்' என்று அழைத்தவர்கள். அதே போர்த்துக்கீசர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். கலேவெலயில் பிறந்த என் போன்ற ஒரு சோனகப் பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் இனத்துக்குரிய இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினால் 'மூர்' என்றும், பெயருக்குரிய இடத்தில் 'பாத்திமா' என்றும் இருக்கும். போர்த்துக்கல்லின் மூர்கள் அங்கே விட்டுவந்த பெயரும், போர்த்துக்கீசர் எங்களுக்கு இங்கே சூட்டிய பெயரும் ஒரே தாளில் வந்து சேர்கின்றன. பகைமையால் பிரிந்தவர்கள்கூட ஒரு பெயரை விட்டுவிடவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரே பெயரைப் பலருக்கு வைப்பது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. மாத்தளை முத்துமாரியம்மனின் பெயரைத் தோட்டங்களில் எத்தனையோ மாரியம்மாக்களும் முத்துமாரிகளும் சுமக்கிறார்கள். வஹாகோட்டைப் பக்கம் அந்தோனிகள். பெற்றவர்களுக்கு எல்லாம் ஒரே எண்ணம்தான்: இந்தப் பிள்ளை தனியாக இல்லை, இதற்கு முன்னால் ஒருவர் நடந்திருக்கிறார்.

ஆகவே அந்த இளம் தாய்க்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. பொதுப் பெயர் பிள்ளையைக் கரைப்பதில்லை. மூன்று பாத்திமாக்களுக்கும் கிடைத்தது ஒரே பட்டு, ஆனால் ஒவ்வொருத்தியும் தன் தலையில்தான் போட்டுக்கொண்டாள். யாருக்கும் இல்லாத பெயரோடு வளர்ந்தும் யாரோ ஒருவரின் நகலாக வாழ்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஊரில் நூறு பேருக்கு இருந்த பெயரை வைத்துக்கொண்டு, இன்னொருவருக்கு இல்லாத வாழ்க்கையை வாழ்ந்து முடித்த என் உம்மாவையும் கண்டிருக்கிறேன்.

எனக்குக் கவலை வேறு. நாங்கள் அந்தப் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டோம். என் வகுப்புகளில் 'எப்.' என்றால் என்ன மகள் என்று கேட்டால் பாத்திமா என்று உடனே சொல்வார்கள். எந்தப் பாத்திமா என்று கேட்டால் நபியின் மகள் என்பார்கள். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பலர் பேசாமல் இருப்பார்கள். கடைசியில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவிக்கும்போதும், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று ஆண்களின் பெயர்களே நீண்டு, அவளுடைய பெயர் கடைசியில் ஒரு மூச்சில் போய்விடுகிறது. சில வேளை அதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கூப்பிடப்படாத பெயர் இறந்த அன்றும் கூப்பிடப்படுவதில்லை. இது சரியில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறிவித்தலில் மரணித்தவரின் பெயரை முதலில், முழுதாகச் சொல்லுங்கள். பிறகு கணவரையும் பிள்ளைகளையும் சொல்லுங்கள்.

பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கவிருக்கும் வாப்பா, உம்மாமாரிடமும் ஒன்று கேட்கிறேன். பாத்திமா என்று வைப்பதானால் பழக்கத்துக்காக வைக்க வேண்டாம். எழுத்துக் கூட்டலைப் பதிவாளருக்கு முன்னாலேயே தெளிவாக எழுதிக் கொடுங்கள். பிள்ளை கேட்கும் வயது வந்ததும் அந்தத் திரிகையையும், கிழிக்கப்பட்ட பட்டையும், உமரின் தங்கையையும், திருடிய அந்தப் பெண்ணையும்கூடச் சொல்லிக்கொடுங்கள். இடைக்கிடை அந்தப் பெயராலேயே அவளைக் கூப்பிடுங்கள்.