நகைத்த பல்லும் நோக்கிய கண்ணும்

சைவாசிரியர்களே!

கந்தபுராணத்தைப் படித்துப் பயன்சொல்லும் வழக்கம் நம் ஆலயங்களிலே இன்னும் அழிந்துவிடவில்லை. தக்ககாண்டம் படிக்கப்படும் நாள்களில் நம்மிற் பலர் மண்டபத்திலிருந்து கேட்டிருக்கின்றோம். தக்கன் சிவநிந்தை செய்தான். வீரபத்திரக் கடவுள் தோன்றி அவன் வேள்வியை அழித்துத் தலையைக் கொய்தார். இவ்வளவும் சிறுபிள்ளைகளும் அறிவர். ஆயினும், அவ்வேள்விச்சாலையிலே தண்டம் பெற்றவன் தக்கன் ஒருவன் மாத்திரமல்லன். ஆதித்தருட் பகன் என்பவன் கண்ணை இழந்தான். பூடன் என்பவன் பல்லை இழந்தான். அவர்கள் செய்த குற்றம் யாதெனின், தக்கன் இகழ்ந்தபோது ஒருவன் கண்ணாற் குறிப்புக் காட்டினான், மற்றவன் பல்லைக் காட்டி நகைத்தான் என்று புராண நூலார் கூறுவர். இகழ்ந்த வாய்க்கு ஒரு தண்டம். அதனைக் கண்டு மகிழ்ந்த கண்ணுக்கும் பல்லுக்கும் வேறு தண்டம். இளமையிலே நாம் இப்பகுதியை அரைத்தூக்கத்திற் கேட்டுப் போனதுண்டு. இக்காலத்திலோ இது நம்மைத் தூங்கவிடுவதில்லை. அதற்குக் காரணர் நம் மாணாக்கர்.

"ரியாலிற்றி ஷோ" என்று பெயர் பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நீங்கள் அறிவீர்கள். பத்துப் பதினைந்து பேரை ஒரு வீட்டிலே அடைத்து, வெளியுலகச் செய்தி ஒன்றும் எட்டாமற் செய்து, இரவும் பகலும் படக்கருவிகளால் நோக்கி, அவர்களுடைய கலகங்களையும் கண்ணீரையும் ஊருக்குக் காட்டுவது அவற்றுள் ஒன்று. 1999ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசத்தில் "பிக் பிரதர்" என்னும் பெயரோடு தொடங்கிய இது, 2000இல் இங்கிலாந்துக்கும், 2006இல் "பிக் பொஸ்" என்னும் பெயரோடு இந்தி மொழிக்கும், 2017இல் தமிழுக்கும் வந்தது. 2019ஆம் ஆண்டுத் தமிழ் நிகழ்ச்சியிலே இலங்கையர் இருவர் பங்குபற்றியபின், அதனைத் தவறாமற் பார்க்கும் வீடுகள் நம் அயலிலே பெருகின.

ஏனை உபாத்தியாயர்களைப் போலவே நாமும், "அதிலே வரும் பேச்சும் உடையும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன" என்று காலைப் பிரார்த்தனைக் கூட்டங்களிலே பலமுறை பேசியிருக்கின்றோம். பிள்ளைகளும் கைகட்டிக் கேட்டிருக்கின்றார்கள். "அதிலே உங்கள் மனத்தைப் புண்படுத்துவது யாது?" என்று ஒருநாளாவது அவர்களை நாம் கேட்டதில்லை. சென்ற தவணையிலே, சமயபாட வேளையில், பதினொராம் வகுப்பிலே அதனைக் கேட்டோம். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். முதலிலே நாம் விரும்பும் விடையையே தந்தார்கள். அவர்கள் நம்மை நன்கறிவார்கள். "எமக்கேற்ற விடை வேண்டாம், உங்கள் விடை வேண்டும்" என்று சொல்லிச் சிறிது பொறுத்திருந்தபின் வாய்கள் திறந்தன.

கெட்ட சொற்களைப் பற்றி அவர்கள் பெரிதும் கவலைப்படவில்லை. அத்தகைய சொல் வரும்போது ஓர் ஒலியை இட்டு மறைத்துவிடுகின்றார்களாம். மறைத்த சொல் இன்னதென்று எல்லாருக்கும் தெரியுமாம். பேருந்து நிலையத்திலே அதனினும் கொடியவற்றைக் கேட்கின்றார்களாம். உடையைப் பற்றிப் பெண்பிள்ளைகள் இருவர் குறை கூறினார்கள். மற்றவர்கள் அஃது அவரவர் விருப்பம் என்றார்கள். இவற்றிலே நமக்கு முழுவதும் உடன்பாடில்லை, அதனைச் சொன்னோம். ஆயின், ஒருவரைப் பலர் சேர்ந்து ஒதுக்கி அழப்பண்ணுவதும், அந்த அழுகையை வாத்தியம் கூட்டித் திரும்பத் திரும்பக் காட்டுவதுமே தங்களுக்குப் பொறுக்க முடியாதவை என்று பலர் சொன்னார்கள். "அவர்கள் சம்மதித்துப் பணம் பெற்றுக்கொண்டு போனவர்கள்தாமே" என்று ஒரு மாணாக்கன் மறுத்தான். அதற்கு உடனே ஒருவரும் விடை சொல்லவில்லை. பின்பு ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். "ஐயா, ஒரு முத்தமோ கெட்ட சொல்லோ வந்தால் அப்பா உடனே வேறு நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுவார். ஒருவரை எல்லாரும் சேர்ந்து அழப்பண்ணும்போது அவர் மாற்றுவதில்லை, சத்தத்தைக் கூட்டிவைப்பார்" என்றாள்.

இந்த விடையை ஒரு வாரம் மனத்திலே சுமந்து திரிந்தோம்.

அடுத்த வாரம் அதே வகுப்பிலே, இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னோம். "சனல் 4" என்னும் நிலையம், பெயர்பெற்றவர்களைக் கொண்டு நடத்திய "பிக் பிரதர்" நிகழ்ச்சியிலே, ஷில்பா ஷெட்டி என்னும் இந்திய நடிகையும், ஜேட் கூடி என்னும் ஆங்கிலப் பெண்ணும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஜேட் கூடியும் தோழியரும் ஷில்பாவின் உச்சரிப்பைப் பழித்துக் காட்டினார்கள். உணவைக் கையாலே தொடுகின்றார் என்று அருவருத்தார்கள். ஜேட் அவருடைய குடும்பப் பெயரை விட்டு, அப்பளத்தின் பெயரைக் கூட்டிச் சொன்னார். அப்பளம் எந்த அகராதியிலும் வசைச்சொல்லன்று. ஒலியிட்டு மறைக்கப்படும் சொற்களுள்ளும் அஃது இல்லை. ஆயினும், ஒளிபரப்பை மேற்பார்க்கும் "ஒஃப்கொம்" என்னும் சபைக்கு 44,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் சென்றன. நிகழ்ச்சிக்குப் பொருளுதவிய கைத்தொலைபேசி வணிகர் தம் உதவியை நிறுத்தினர். ஜேட் கூடி நேயர் வாக்கினாலே வெளியேற்றப்பட்டார். ஷில்பா வெற்றி பெற்றார். அவ்வாண்டு மே மாதத்திலே அச்சபை, அந்நிலையம் அக்காட்சிகளை உரியவாறு கையாளாமல் விதியை மீறியது என்று தீர்த்து, அத்தீர்ப்பை அந்நிலையமே தன் நேயர்க்கு ஒளிபரப்பும்படி கட்டளையிட்டது.

இவ்வளவையும் கேட்ட பிள்ளைகள் நீதி வென்றது என்று மகிழ்ந்தார்கள். கதை அங்கே முடியவில்லை என்றோம்.

ஜேட் கூடி இலண்டனிலே வறிய குடும்பத்திற் பிறந்தவர். 2002ஆம் ஆண்டிலே முதன்முறையாக அவ்வீட்டினுட் புகுந்தார். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியொன்றை வேற்றுநாடு என்று எண்ணிப் பேசினார். அவருடைய அறியாமையைக் கண்டு அத்தேசம் நகைத்தது. பத்திரிகைகள் அவரைப் பன்றி என்றும் எழுதின. அந்த நகைப்பினாலேயே அவருக்குப் பெயரும் பொருளும் வந்தன. ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், பிறரை நகைக்கக் கற்றவராய் அதே சபைக்கு அவர் திரும்பி வந்தார். 2008இல், ஷில்பா ஷெட்டியே நடத்திய இந்தி "பிக் பொஸ்" நிகழ்ச்சிக்கு அவர் சென்றிருந்தபோது, தமக்குப் புற்றுநோய் என்னும் செய்தி அவ்வீட்டினுள்ளேயே அவருக்கு எட்டியது. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆந் திகதி, இருபத்தேழாம் வயதிலே, இரண்டு ஆண்குழந்தைகளை விட்டு இறந்தார்.

"அவர் வினையை அவர் அனுபவித்தார், ஐயா" என்றான் ஒருவன். இவ்விடத்திலே நாம் குரலை உயர்த்தினோம், உயர்த்தியதற்கு வருந்தவில்லை. வினையை அறிந்து ஊட்டுபவன் இறைவன். பிறரொருவரின் நோயைச் சுட்டி, இஃது இன்ன வினையின் பயன் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அவன் நமக்குத் தரவில்லை. அவ்வாறு சொல்லுவதும் ஒரு நிந்தையே. 2002இல் நகைத்தவர்களும் 2007இல் முறையிட்டவர்களும் பெரும்பாலும் ஒரே தேசத்தவர் அல்லரோ? வாக்களித்து அவரை வெளியேற்றிய கைகளுள், முன்பு அவரைக் கண்டு தட்டிச் சிரித்த கைகள் எத்தனையோ!

அயல்தேசத்தை இவ்வளவு பேசிவிட்டு நம்மைப் பேசாது விடுதல் நேர்மையன்று. தமிழ் நிகழ்ச்சியின் முதலாண்டாகிய 2017இலே, ஒரு போட்டியாளர் மற்றொருவரின் நடத்தையைச் "சேரி" என்னும் சொல்லோடு கூட்டி இகழ்ந்தார். தமிழ்நாட்டிலே பெருங் கண்டனம் எழுந்தது. நம் ஆசிரியர் அறையிலே அவ்வாண்டு அந்நிகழ்ச்சியின் உடையைப் பற்றி நடந்த விவாதம் நமக்கு நன்றாக நினைவிருக்கின்றது. இச்சொல்லைப் பற்றி ஒருவரும் பேசவில்லை; நாமும் பேசவில்லை. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் ஆலய வாயிலில், வழிபட வந்தவர்களைச் சாதி சொல்லி மறித்த சமூகம் நம்முடையது. அச்சொல் நம் காதைச் சுடாமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

நாம் கல்வி கற்றது பாதிரிமார் நடத்திய ஒரு பாடசாலையிலே. ஆங்கிலத்தையும் கணிதத்தையும் அன்போடு கற்பித்த நல்லாசிரியர்கள் அங்கிருந்தார்கள், அந்நன்றியை மறவோம். அவர்களுள் ஒருவர், ஒருநாள், நம்மோடு படித்த ஒரு பிள்ளையை முன்னே அழைத்து, அவன் நெற்றித் திருநீற்றைச் சுட்டி, "அடுப்படியிலே படுத்தெழும்பி வந்தாயோ?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். அன்று நம் நெற்றியிலும் திருநீறு இருந்தது. அந்த ஆசிரியரை நாம் நெடுங்காலம் வெறுத்து வந்தோம். நம் சிரிப்பை எண்ணிப் பார்த்தது மிகப் பிந்தியே.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்றும், பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுவது அதற்கு உவமை என்றும் பரீட்சைக்காகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அவர்களும் பிழையின்றி எழுதிப் புள்ளி பெறுகின்றார்கள். இரவுதோறும் ஒரு மணி நேரம் இகழ்வாரைச் சார்ந்திருக்கும் பளிங்குக்கு யாது நிறம் வரும் என்று நாம் வினாத்தாளிலே கேட்பதில்லை. கேட்டால், முதலிலே விடை எழுதவேண்டியவர் யார் என்பது அன்றே நமக்கு விளங்கிற்று.

தக்கன் வேள்வியை வகுப்பிலே விரித்துச் சொல்லி, பகனுடைய கண்ணையும் பூடனுடைய பல்லையும் காட்டி, "இப்பொழுது சொல்லுங்கள், அப்படிப்பட்ட சபை தொலைக்காட்சியில் மாத்திரமா இருக்கின்றது?" என்று கேட்டோம். வீட்டையும் விளையாட்டிடத்தையும் கைத்தொலைபேசியையும் சொல்லுவார்கள் என்று எண்ணியே கேட்டோம். சம்மதித்துப் போனவர்கள்தாமே என்று முன்பு மறுத்த அதே மாணாக்கன் எழுந்தான். சிறிது தயங்கி, "ஐயா, முதலாந் தவணை விடைத்தாள்களைத் தந்தபோது, ஒரு விடைத்தாளை எங்களுக்கு வாசித்துக் காட்டினீர்களே" என்றான்.

உண்மையே. ஒரு பிள்ளை, நாயன்மார் ஒருவருடைய வரலாற்றை இன்னொருவருடைய வரலாற்றோடு கலந்து, மிகப் பிழைபட எழுதியிருந்தது. நாம் பெயர் சொல்லவில்லை. குரலை ஏற்றியும் இறக்கியும் வாசித்தோம். வகுப்பு வயிறு குலுங்கச் சிரித்தது. பெயர் சொல்லாதபடியால் அதிலே குற்றமில்லை என்று இருந்தோம். யாருடைய தாள் என்பதை எல்லாரும் அன்றே அறிந்திருக்கின்றார்கள். ஒலியிட்டு மறைத்த சொல்லை எல்லாரும் அறிவது போல.

அப்பிள்ளை கடைசி வாங்கிலே, மேசையை நோக்கியபடி இருந்தது. நாம் அங்கே சென்று, வகுப்பார் கேட்கவே, "நாம் செய்தது பிழை, பொறுத்துக்கொள், பிள்ளை" என்றோம். மணி அடிக்கும்வரை ஒருவரும் பேசவில்லை. நமக்கும் வேறு பாடம் நடத்த வாய் வரவில்லை. இத்தவணை தொடக்கம் விடைத்தாள்களை மடித்து, அவரவர் கையிலே நாமே கொடுத்து வருகின்றோம். அப்பிள்ளை நம் வகுப்பிலே விடை சொல்லுவதற்கு இன்னும் கை உயர்த்தவில்லை.