சந்திரசேகருக்கு எப்போது கொடுப்பீர்கள்?

உங்களுக்கு 'புக் கிரிக்கெட்' ஆடத் தெரியுமா? தெரியாது என்றால், உங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் ரொம்பக் கண்டிப்பானவர்கள் என்று அர்த்தம்! தடிமனான புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்க வேண்டும். இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். 2, 4, 6 வந்தால் அப்படியே. 8 வந்தால் ஒரு ரன். பூஜ்யம் வந்தால் அவுட்.

எண்பதுகளில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் படிக்கப் போய்வந்த நாங்கள் நான்கு பேர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வண்டி நின்று நின்று போவதற்குள் ஒரு மேட்ச் முடிந்துவிடும். ஆளுக்கொரு டீம். ஒருத்தன் மட்டும் கோடு போட்ட நோட்டில் எல்லா ரன்னையும் எழுதுவான். தன் டீம் 40 ரன்னில் சுருண்டாலும் ஒரு எண்ணைக்கூட மாற்ற மாட்டான்.

மார்ச் மாதம் சீஸன் முடிந்தது. சிறந்த பேட்ஸ்மேன் விருது கொடுக்க நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். முதலிடம் யாருக்குத் தெரியுமா? பி.எஸ்.சந்திரசேகர்! நிஜ சந்திரசேகர் 58 டெஸ்ட்டில் எடுத்தது 167 ரன், வீழ்த்திய விக்கெட் 242. ரன்னைவிட விக்கெட் அதிகம் உள்ள மனுஷர். எங்களில் ஒருத்தன் விளையாட்டாக அவரை ஓப்பனிங் இறக்கப்போக, வந்த வினை. இரண்டாமிடம் கவாஸ்கர்.

"சந்திரசேகருக்கு பேட்டிங் அவார்டா? கேக்கறவன் சிரிப்பான்டா! கவாஸ்கருக்கே குடுத்துடலாம்."

நோட்டுக்காரன் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் கவாஸ்கர் அவன் டீம். "நோட்டுல இருக்கிறதுதான்டா கணக்கு. இல்லேன்னா நான் எதுக்கு வருஷம் பூரா எழுதினேன்?" என்றான். ஓட்டெடுப்பு நடத்தினோம். மூன்றுக்கு ஒன்று. கவாஸ்கர் ஜெயித்தார். மறுநாள் அவன் நோட்டைக் கொண்டு வரவில்லை. அதோடு எங்கள் லீக் முடிந்தது.

'எல்லாமே குருட்டு அதிர்ஷ்டம். இதில் நியாயம் என்ன, அநியாயம் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு நானும் அதைத்தான் கேட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து இலக்கங்களில் ஒன்று அவுட். யார் ஆடினாலும் சராசரி 13 ரன்தான். ஆக, தகுதி என்று பார்த்தால் இருவருக்குமே கிடையாது. பிறகு எதை வைத்து கவாஸ்கருக்குக் கொடுத்தோம்? வெளியே அவர் சம்பாதித்த பெயரை வைத்து! திறமையே செல்லாத ஆட்டத்தில் இருந்த ஒரே நியாயம், ஆரம்பத்தில் நாலு பேரும் ஒப்புக்கொண்ட விதி. முடிவு பிடிக்கவில்லை என்றதும் அதைத் தூக்கிப் போட்டோம்.

பெரிய இடங்களிலும் இந்தச் சண்டை உண்டு. 1947-ல் அமெரிக்க பேஸ்பாலில் டெட் வில்லியம்ஸ் பேட்டிங் சராசரி உட்பட மூன்று முக்கியக் கணக்கிலும் தன் லீகில் முதலிடம். ஆனால், விருது ஜோ டிமாஜியோவுக்கு. 202-க்கு 201, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! அங்கேயாவது 'டிமாஜியோவின் அணி சாம்பியன் ஆயிற்றே' என்று ஒரு சமாதானம் சொல்லலாம். எங்களுக்கு அதுவும் இல்லை.

சில வருடங்களுக்கு முன், கடலூரில் ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். மூன்று பேர் போட்ட மார்க்கையும் கூட்டினால், யாருக்கும் தெரியாத ஒரு சின்னப் பெண் முதலிடம். "இந்தப் பையன் போன வருஷமே பெரிய பரிசெல்லாம் வாங்கினவன் சார். இவனை எப்படி ரெண்டாவதா போடறது?" என்றார் பக்கத்தில் இருந்தவர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் தலையாட்டிவிட்டேன். அவர் பேனாவைத் திறந்தபோதுதான் ரயிலும் நோட்டும் ஞாபகத்துக்கு வந்தன. "வேணாம் சார், கூட்டல் என்ன சொல்லுதோ அதையே போடுங்க" என்றேன். அவருக்கு என் மேல் வருத்தம்தான்.

நாம் எல்லோருமே எங்கேயோ ஒரு இடத்தில் மார்க் போடுகிறவர்கள்தான். வீட்டில் பிள்ளைகளுக்கு, ஆபீஸில் கீழே இருப்பவர்களுக்கு. கடைசியாக நீங்கள் பரிசு கொடுத்தது வேலைக்கா, பெயருக்கா? யோசித்துப் பாருங்கள்.

நோட்டுக்காரனை இப்போதும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பார்ப்பேன். பேச்சுப்போட்டி விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"அதெல்லாம் சரி... சந்திரசேகருக்கு எப்போடா குடுக்கப்போறீங்க?"