கட்டாயத் தொண்டு

மாணவர்களுக்குச் சமூகப் பணியைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்வி இந்தியாவில் விடுதலைக்குப் பின் விரைவிலேயே எழுந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, அது மாணவர் விருப்பத்தைப் பொறுத்தது என்றது. 1959இல் சி.டி. தேஷ்முக் குழுவோ, கல்லூரிக்குள் நுழையும் முன் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை பணி செய்தாக வேண்டும் என்றது. சீனப் போரை அடுத்து 1963இல் தேசிய மாணவர் படை கல்லூரிகளில் கட்டாயமாயிற்று. 1968இல் அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு, காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் விரும்பிச் சேர்வோருக்கானதாகவே அமைந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டு, இடையில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு.

கட்டாயமாக்கிய இடங்களும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 40 மணி நேரச் சமூகப் பணி இல்லாமல் பள்ளிச் சான்றிதழ் கிடையாது. அமெரிக்காவின் மேரிலாந்தில் இது 75 மணி நேரம். பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் 60 மணி நேர விதியை எதிர்த்து, இது அடிமை வேலைக்குச் சமம் என்று வழக்கே நடந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்பதால் பயன் உறுதி என்று ஆகாது. தொண்டில் நாட்டமில்லாத மாணவரை வற்புறுத்தினால், பின்னாளில் தாமாகச் செய்யும் எண்ணம் மேலும் குறையக்கூடும் என்று 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மறுபக்கமும் உண்டு. முழுக்க விருப்பத்துக்கு விட்டால் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்களே வருவார்கள். முதியோர் இல்லத்தின் வாசலை ஒருமுறையும் மிதிக்காத பையன் மிதிக்காமலேயே பட்டம் வாங்கிவிடுவான். கட்டாயத்துக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது இதுதான்.

ஆனால் விதி எல்லார் தோளிலும் ஒரே எடையாக இறங்குவதில்லை. மாலையில் துணிக்கடையில் நின்று கல்லூரிக் கட்டணம் கட்டும் மாணவருக்கும், வீட்டில் தண்ணீர் பிடித்துத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மாணவிக்கும் அந்த மணி நேரங்கள் கூலியிலிருந்தோ தூக்கத்திலிருந்தோதான் வர வேண்டும். இவர்கள் வீட்டுக்காகச் செய்வது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்பது இதிலுள்ள வேடிக்கை. கட்டாயமாக்கினால் பணி வகுப்பு நேரத்துக்குள் வர வேண்டும். வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவரிடம் இருக்க வேண்டும்.

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதவர்கள் பணியைப் பெறுகிறவர்கள். மணி நேரத்தை மட்டும் எண்ணினால் மணி நேரந்தான் சேரும்: போன ஆண்டு நட்டுக் கருகிய இடத்திலேயே இந்த ஆண்டும் மரக்கன்று நடப்படும், பேனருக்கு முன்னால் படம் எடுக்கப்படும், திட்ட அலுவலர் கையெழுத்திடுவார். ஓர் இல்லத்துக்கோ மாலை நேர வகுப்புக்கோ ஒரே நாளில் வந்திறங்கும் நாற்பது பேர் தொல்லை. வாரந்தோறும் தவறாமல் வரும் இரண்டு பேர் உதவி. யார் வர வேண்டும், எப்போது, எதற்கு என்பதைப் பணியைப் பெறுகிறவர்கள் சொல்லவும், வேலை நடந்ததா என்று அவர்களே சான்று எழுதவும் வழி இருந்தால், கட்டாயம் என்ற விதியை வைத்துக்கொள்வதில் பெரிய கேடில்லை. இப்போதைய நடைமுறையில் அந்தச் சான்று பெரும்பாலும் கல்லூரிக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுகிறது.