வேலிக்குள் யாருடைய மான்?

அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்தில், பனி இறங்கி மலைச்சரிவுகள் மூடிப்போனதும், முந்நூறு கிலோ எடையை எட்டக்கூடிய எல்க் மான்கள் கூட்டங்கூட்டமாகப் பள்ளத்தாக்கினுள் வந்து, பண்ணையாளன் தன் மாடுகளுக்கென்று கோடையெல்லாம் உழைத்துச் சேர்த்த உலர்புற்போரைத் தின்றும் மிதித்தும் வேலியை முறித்தும் செல்கையில், அந்நஷ்டம் யாரைச் சாரும் என்னும் வினா, உடைமையின் எல்லை எதுவென்று ஆராயும் தர்ம விசாரமாகவே எனக்குத் தோன்றுகிறது.

ரோமானிய நீதி, காட்டு விலங்கை எவருக்கும் சொந்தமல்லாததாகவும், பிடித்தவனுக்கே உரியதாகவும் கொண்டது. அமெரிக்க மாகாணங்களோ, பிரஜைகள் அனைவரின் பொருட்டும் அரசு காத்துவரும் பொதுச் சொத்தாக அதனை மதிக்கின்றன. ஆகவே நிலம் ஒருவனுடையது, அதில் மேயும் மான் ஊராருடையது. பருவமல்லாத காலத்தில் எல்க்கைச் சுட்ட பண்ணையாளர் ஒருவரின் வழக்கில், 1940இல் அம்மாகாண உச்ச நீதிமன்றம், அவசியம் நேர்ந்தவிடத்து உடைமையைக் காத்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டதோடு, அங்கே நிலம் வாங்குகிறவன் காட்டு விலங்குகள் உலவுவதை அறிந்தே வாங்குகிறான் என்பதையும் எடுத்துரைத்தது. வேட்டைக்கு மனம் ஒப்பாத நானும் அத்தீர்ப்பைப் போற்றுகிறேன்.

விவிலியத்தின் யாத்திராகமம், ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவும், ஏழைகள் உண்டு எஞ்சியதைக் காட்டு விலங்குகளுக்கு விடவும் விதிக்கிறது. அங்கே விலங்கு பெறுவது பிச்சையன்று, பங்கு. ஆனால் அவ்விதி நிலமுடையோர் எல்லோருக்கும் பொது. மொன்டானாவிலோ பங்கு கொடுப்பவன் பெரும்பாலும் ஒருவனே. வேட்டைப் பருவத்தில் துப்பாக்கிக்கு அஞ்சிய மான்கள், வேட்டைக்காரரை உள்ளே விடாத பெரும்பண்ணைகளில் அடைக்கலம் புகுந்திருந்து, பின்னர் அயலானின் புற்போரில் பசியாறுகின்றன. கதவை அடைத்தவன் தன் உரிமையைச் செலுத்தினான். அதன் பலனை அனுபவிப்பவனோ கதவைத் திறந்து வைத்தவன்! பொதுமக்களின் வேட்டையைப் பெரிதும் தடுப்போர்க்குச் சேத உதவி இல்லையென அம்மாகாணச் சட்டம் வகுத்திருப்பது நியாயமே; ஆயினும் அது அயலானின் போரை மீட்டுத் தராது.

மானை எங்களுடையதென்று உரிமை பாராட்டும் ஊராரும், வேட்டைக்கு வழி கேட்பதோடு நில்லாமல், அதன் பனிக்காலத் தீனிக்கும் கடமைப்பட்டவர்களே. இக்கடமையை அங்குள்ளோர் அறியாதவரல்லர்: வேட்டைக்காரருக்கு நிலத்தைத் திறந்துவிடுவோர்க்குப் பணம் அளிக்கும் அரசுத் திட்டம் 1985இல் தொடங்கிற்று, அதற்கு வெகுமுன்பே, 1948இல், எல்க்குகள் பனிக்காலத்தில் மேய்வதற்கென்றே சன் ரிவர் பகுதியில் நிலம் விலைக்கு வாங்கப்பட்டது.