கேட்டபின் நீக்கு

அரசு ஊழியர் ஒருவரை வேலையை விட்டு நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். ஏன் கேட்க வேண்டும் என்பது தத்துவம். சாட்சி இருக்கிறது, ஆவணம் இருக்கிறது, ஆளும் கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறார். இதற்குமேல் மெமோ, விளக்கம், விசாரணை என்று மாதக்கணக்கில் இழுப்பானேன்? அலுவலகங்களில் அன்றாடம் எழும் இந்தச் சலிப்புக்கு இரண்டு பதில்கள் உண்டு. கேட்டால்தான் உண்மை தெரியும் என்பது ஒன்று. உண்மை முன்பே தெரிந்திருந்தாலும், தன் பிழைப்பைப் பறிக்கும் முடிவில் பேச ஒருவருக்கு இடம் தரவேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதன்படி விசாரணை ஒரு கருவி. இரண்டாவதன்படி அது ஒரு கடன்.

இரண்டாவது பதிலுக்கு வேதாகமத்தில் வேர் உண்டு. ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களை அவரைக் கேட்காமலே பறித்தது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். 1723இல் அந்த வழக்கை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஃபோர்டெஸ்க்யூ ஏதேன் தோட்டத்தை நினைவூட்டினார். விலக்கிய கனியை ஆதாம் தின்றது எல்லாம் அறிந்த கடவுளுக்குத் தெரியும். தெரிந்தும் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்ட பிறகே தண்டித்தார். அந்த விசாரணையால் கடவுளுக்குப் புதிதாகத் தெரியவேண்டியது எதுவும் இல்லை என்பதில்தான் வாதத்தின் வலு இருக்கிறது. (ஆதாம் பழியை ஏவாள்மேல் போட்டான், ஏவாள் பாம்பின்மேல் போட்டாள். துறை விசாரணைகளில் இன்றும் நடப்பதுதான்.)

முதல் பதிலுக்குத் தமிழில் சிலப்பதிகாரத்தை விடப் பெரிய சான்று இல்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்று பொற்கொல்லன் சொன்னதை நம்பிப் பாண்டியன் அவனைக் கொல்ல ஆணையிட்டான். கோவலனைப் பார்த்த காவலர்களுக்கே இவன் கள்வன் போல் இல்லையே என்ற ஐயம் வந்தது. கள்வரின் தந்திரங்களை வரிசையாக அடுக்கிப் பொற்கொல்லன் அந்த ஐயத்தைப் பேசியே கரைத்தான். உன் சிலம்பின் பரல் என்ன என்று கோவலனை ஒருவர் கேட்டிருந்தால் போதும். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து. அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது கோவலன் உயிரோடு இல்லை. வாசலில் நின்ற கண்ணகியை உள்ளே அழைத்து முழுவதும் கேட்ட மன்னனுக்கு, அதே பொறுமை முன்னதாக வரவில்லை.

நவீன அரசுப் பணியில் இந்த உரிமைக்கு உயிர் கொடுத்தது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரக் காவல்துறைத் தலைவர் சார்லஸ் ரிட்ஜின் வழக்கு. 33 ஆண்டு சேவை முடித்தவர். சதிக் குற்றச்சாட்டில் விடுதலையானார். ஆனால் விசாரித்த நீதிபதி அவர் நடத்தையைக் கண்டித்திருந்தார். அதை வைத்து 1958இல் மேற்பார்வைக் குழு அவரை அழைக்காமலே நீக்கியது; ஓய்வூதியமும் போயிற்று. பிரபுக்கள் சபை 1963இல் அந்த நீக்கம் செல்லாது என்றது. கேட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்ற வாதம் எடுபடவில்லை. அப்படிச் சொல்பவர் எப்போதும் கேட்காமல் விட்டவராகவே இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்திய அரசியலமைப்பு இதைப் பிரிவு 311இல் எழுதியே வைத்திருக்கிறது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகே நீக்கலாம். தமிழ்நாட்டு ஊழியர்கள் ‘17(ஆ)’ என்று சொல்லி அஞ்சும் குறிப்பாணை இந்த வழியின் முதற்படி. விலக்கு மூன்று: குற்றவியல் தண்டனை பெற்றவர், விசாரணை நடத்த இயலாத சூழல், நாட்டின் பாதுகாப்பு. 1985இல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றிலும் விசாரணைக்கு இடமில்லை என்றது. ஐந்து நீதிபதிகளில் தக்கர் மட்டும் மாறுபட்டார். விசாரணையில்லாமல் நீக்கும் கதவு எவ்வளவு அகலமானது என்பது 2003இல் தமிழ்நாட்டில் தெரிந்தது. வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவசரச் சட்டத்தின் துணையோடு, விசாரணை இல்லாமல், மொத்தமாக நீக்கப்பட்டனர்.

கருவியா, கடனா என்பதில் நீதிமன்றமும் ஊசலாடியிருக்கிறது. புதுதில்லி நகராட்சிக் குழுவைக் கலைத்த வழக்கில், கேட்காததே பாதிப்பு, தனியாக வேறு பாதிப்பை நிரூபிக்க வேண்டியதில்லை என்றது 1980இல். 1993இல் கருணாகர் வழக்கில், விசாரணை அறிக்கையின் நகலை ஊழியருக்குத் தராதது தவறு என்று சொல்லிவிட்டு, தந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று பார்க்கச் சொன்னது. பின்னது நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் ஏதேன் வாதத்தை அது கைவிட்டுவிடுகிறது: தவறிழைத்த அலுவலகத்தின் சுமை இப்போது வேலையிழந்தவர் தலையில்.

வாய்ப்பு ஏட்டில் இருப்பதும் ஆளுக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. கோலார் தங்கவயலில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி வீட்டில் 4.5 கிராம் எடையுள்ள தங்கத் துண்டும் தங்கம் கலந்த மணலும் கிடைத்ததாக 1985இல் குற்றம் சாட்டப்பட்டது. அவரை இடைநீக்கம் செய்தார்கள்; பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. கேரளத்தில் சொந்த ஊருக்குப் போனவருக்கு விசாரணைக்கு வரப் பணமில்லை. வரவில்லை என்று காரணம் காட்டி ஒருதலையாக விசாரித்து 1986இல் நீக்கினார்கள். மறு ஆண்டே குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிழைப்பூதியம் தராமல் நடத்திய விசாரணை செல்லாது, அவரை நிலுவைச் சம்பளத்தோடு மீண்டும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1999இல்.